காலர்டு கீரை சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி காலர்டு கீரையைப் பற்றித்தான். அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா, கரோலினா, அலபாமா பக்கத்து வீடுகளில், ஜனவரி 1 அன்று தட்டில் காலர்டும் காராமணியும் கார்ன்பிரெட்டும் (சோள மாவு ரொட்டி) இருந்தாக வேண்டும். கீரை நோட்டுப் பணம், காராமணி சில்லறை, கார்ன்பிரெட் தங்கம் என்பது ஐதீகம். தெற்குக் கரோலினா 2011 இல் காலர்டைத் தன் மாநிலக் காய்கறியாகவே அறிவித்துவிட்டது. இந்தப் பக்கம் குடிவந்த நம்மவர்களும் ஆசையாக வாங்குகிறார்கள். பிறகு கூப்பிட்டு, "வேகவே மாட்டேங்குது" என்கிறார்கள்.

பெரும்பாலான புகார்களுக்கு ஒரே வேர்தான். பெயரில் கீரை இருப்பதால் முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி கணக்கில் பத்து நிமிடத்தில் இறக்கப் பார்க்கிறோம். காலர்டு முட்டைக்கோஸ் இனம். தெற்கத்தி வீடுகளின் வரிசை இதுதான்: முதலில் புகையூட்டிய இறைச்சியைக் கொதிக்கவிட்டுச் சாறு எடுக்க வேண்டும், அதில் இலையைப் போட்டு நிதானமாக வேகவிட வேண்டும், வினிகர் கடைசியில். இந்த வரிசை குலைந்தால்தான் கீழே உள்ள தொல்லைகளில் பாதி வருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: இரண்டு கட்டு காலர்டு, ஒரு ஹாம் ஹாக் (பன்றியின் புகையூட்டிய கணுக்கால்) அல்லது புகையூட்டிய வான்கோழிக் கால் ஒன்று, 6 முதல் 8 கப் தண்ணீர், ஒரு வெங்காயம், இரண்டு மூன்று பல் பூண்டு, அரை டீஸ்பூன் மிளகாய்ச் செதில். இறைச்சி மட்டும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். இலை போட்ட பிறகு முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஒரு மேசைக்கரண்டி வினிகர், அடுப்பை அணைக்கும் முன்.

ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## இலை ரப்பராக இழுக்கிறது, மெல்ல முடியவில்லை

நேரம் போதவில்லை. பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுதான். பானையிலேயே தடிமனான துண்டாகப் பார்த்து எடுங்கள். மெல்லிய ஓரத்தைச் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள். மரக்கரண்டியின் முதுகால் பானைச் சுவரோடு வைத்து அழுத்துங்கள். எதிர்ப்பில்லாமல் பிய்ந்தால் வெந்துவிட்டது. வழுக்கி ஓடினால் மூடி போட்டு இன்னும் 20 நிமிடம், திரும்பச் சோதனை.

தீ ரொம்பக் குறைவு. மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்லோ குக்கரில் குளிர்ந்த தண்ணீரும் பச்சை இலையுமாகப் போட்டு 'லோ'வில் வைத்தவர்கள் 'ஹை'க்கு மாற்றுங்கள்.

புளிப்பு முன்னாலேயே விழுந்துவிட்டது. வினிகர், தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் நார் இளகுவதைத் தாமதப்படுத்தும். பாதிச் சாற்றை எடுத்து வைத்துவிட்டு அந்த அளவுக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தொடருங்கள். எடுத்த சாற்றைக் கீரை வெந்த பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

நடுத்தண்டு உள்ளேயே இருக்கிறது. இலை வெந்திருக்கும், தண்டு வெந்திருக்காது. அடுத்த முறை இலையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தண்டைப் பிடித்து இழுத்தால் ஒரே வீச்சில் கழன்று வரும். தண்டு வேண்டும் என்பவர்கள் பொடியாக நறுக்கி இலைக்குக் கால் மணி நேரம் முன்னால் போடுங்கள். பையில் நறுக்கி விற்கும் காலர்டில் தண்டும் கலந்தேதான் வரும். பொறுக்கி எடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

இலையே முற்றல். முறம் அளவு இலை, ஓரத்தில் மஞ்சள், மடித்தால் படக்கென்று ஒடிகிறது என்றால் இதுதான். வெளியே எடுத்து மெல்லிய கீற்றாக நறுக்கித் திரும்பப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிரஷர் குக்கர், ஆவி வந்தபின் சிறு தீயில் 15 நிமிடம். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முதலில் திறந்து வைத்து வதக்கினால் அளவு தானாக இறங்கிவிடும். மூடும் முன் ஆவி போகும் துளையில் இலைத்துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

சமையல் சோடா போடலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். போட்டால் சீக்கிரம் இளகும், பச்சையும் நிற்கும். ஆனால் இலை கொழகொழவென்று ஆகி, சோப்பு வாடை தட்டும், சத்தும் போகும். எனக்கு உடன்பாடில்லை.

புதுக் கட்டு வாங்குவதுதான் கடைசி வழி. கையகலத்தைவிடச் சற்றுப் பெரிய, விறைப்பான, கரும்பச்சை இலையாகப் பாருங்கள். வடக்குக் கரோலினாவின் கிழக்குப் பகுதிக்குப் போனால் 'கேபேஜ் காலர்டு' என்று இளமஞ்சள் பச்சையில் ஒரு ரகம் கிடைக்கும். இலை மெல்லியது, சீக்கிரம் வேகும், கசப்பும் குறைவு. அய்டன் என்ற சின்ன ஊரில் 1975 முதல் காலர்டுக்கென்றே திருவிழா நடக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்த ரகத்தை மற்ற எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கட்சிதான் நானும்.

## கசக்கிறது

அவசரப்பட்டு ருசி பார்த்தீர்களா? அரை மணி நேரத்தில் எடுத்து வாயில் போட்டால் கசக்கத்தான் செய்யும். முழுதாக வெந்த பிறகு, சாற்றோடு சேர்த்து ருசி பாருங்கள்.

உப்பு குறைவா? கசப்பை அடக்க முதல் ஆள் உப்புதான், சர்க்கரை இல்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கி ருசி பாருங்கள். அப்புறம் வினிகர் ஒரு டீஸ்பூன். அதற்கும் அடங்காவிட்டால் சர்க்கரை அரை டீஸ்பூன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். சர்க்கரையில் தொடங்கியவர்களின் பானை பல முறை பாயசப் பக்கம் போயிருக்கிறது.

பூண்டு கருகியதா? பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாக வந்தால் கசப்பு கீரையினுடையது அல்ல. அடியைக் கிளறாமல் மேலே உள்ளதை வேறு பானைக்கு மாற்றுங்கள்.

பருவம் தப்பிய இலையா? வெயில் காலத்து காலர்டு கசக்கும். பனி விழுந்த பிறகு பறித்தால் இனிக்கும். குளிரைத் தாங்கச் செடி தன் இலையில் சர்க்கரையைச் சேர்ப்பதுதான் காரணம். உழவர் சந்தையில் வாங்கும்போது, "உங்கள் தோட்டத்தில் உறைபனி விழுந்துவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விற்கிறவர் முகமே மலரும், தெரிந்து வாங்குகிறீர்கள் என்று. வீட்டில் வளர்ப்பவர்கள் முதல் பனிக்காகக் காத்திருக்கலாம். பூத்தண்டு விட்ட செடியின் இலை கசப்பு ஏறியது, அதைத் தவிருங்கள்.

எதற்கும் அடங்கவில்லை. அடுத்த கட்டை வேறு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு இறைச்சிச் சாற்றில் போடுங்கள். கசப்போடு கொஞ்சம் ருசியும் போகும் என்பதால் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஒரே பானைக் கீரை வீட்டில் ஒருவருக்கு மட்டும் கசந்தால் சமையலில் குறை தேடாதீர்கள். இந்த இனத்துக் கசப்பைக் கூர்மையாக உணரும் நாக்கு சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. குழந்தைகளை வற்புறுத்த வேண்டாம். சாற்றில் கார்ன்பிரெட்டை உதிர்த்துக் கொடுங்கள், இலை பிறகு தானாக உள்ளே போகும்.

## பல்லில் மண் நறநறக்கிறது

தெற்கத்திக் கடலோரச் சமவெளி மணற்பாங்கான மண். இலைச் சுருக்கங்களுக்குள் அது புகுந்துகொள்ளும். குழாயடியில் காட்டி எடுத்தால் போகாது.

இன்னும் சமைக்கவில்லை என்றால்: சிங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, தண்டு நீக்கிய இலைகளை முக்கி அலசுங்கள். இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு இலைகளை மேலே அள்ளி எடுத்துவிட்டு, அதன் பிறகே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இலை இருக்கும்போதே தண்ணீரை வடித்தால் அடியில் படிந்த மணல் திரும்ப இலைமேல்தான் உட்காரும். தண்ணீர் போனதும் விரல் நுனியால் சிங்கின் அடியை ஒரு தடவு தடவிப் பாருங்கள். நெருடினால் இன்னொரு தண்ணீர். வழக்கமாக மூன்று தண்ணீர் ஆகும். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். அதனால் கண்ணை நம்பி நிறுத்தாதீர்கள்.

சமைத்த பிறகு தெரிந்தால்: கிளறாதீர்கள். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். இடுக்கியால் இலையை மேலாக எடுத்து வேறு பாத்திரத்தில் போடுங்கள். சாற்றை மெல்லிய துணி வழியாக வடித்து, கடைசி ஒரு கப்பை விட்டுவிடுங்கள். இலையே நறநறத்தால், வடித்த சாற்றிலேயே ஒரு முறை அலசி, சாற்றைத் திரும்பத் தெளியவிட்டு வடிக்கலாம்.

மண் இல்லை, பூச்சி: இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூசியது போலக் கூட்டமாக இருந்தால் அசுவினி. உப்புத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் கழன்றுவிடும். அப்பிக்கிடக்கும் இலையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சொந்தத் தோட்டத்தில் வருடா வருடம் வந்தால், மருந்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல் உங்கள் கவுண்டியின் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வேளாண் ஆலோசனை மையங்கள் அவை. ஒரு இலையைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன பூச்சி, என்ன செய்யலாம் என்று சொல்வார்கள்.

## உப்பு கரிக்கிறது

ஹாக்கிலும் வான்கோழியிலும் ஏற்கெனவே நிறைய உப்பு இருக்கிறது. அதன்மேல் நீங்கள் போட்டதா, பவுலியன் கட்டி (சூப்புக்குக் கரைக்கும் உப்பேறிய கட்டி) போட்டதா என்று முதலில் யோசியுங்கள். இரண்டு கப் சாற்றை எடுத்துவிட்டு இரண்டு கப் சுடுதண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ருசி பாருங்கள். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை மட்டும் உறிஞ்சிவிடும் என்பது நம்பிக்கைதான். அது சாற்றைக் குடிக்கும், மிச்சச் சாற்றின் கரிப்பு அப்படியே இருக்கும். அதைவிட உப்பில்லாமல் வேகவைத்த காராமணியையோ இன்னும் ஒரு பிடி இலையையோ போடுங்கள்.

அடுத்த முறை ஹாக்கைத் தனியாகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். உப்பைக் கடைசிக் கால் மணி நேரத்தில் மட்டும் தொடுங்கள்.

சாற்றின் மேல் எண்ணெய் மிதந்தால், ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, உறைந்த கொழுப்பை வழித்தெடுங்கள். அவ்வளவுதான்.

## சப்பென்று இருக்கிறது

மூடியைத் திறங்கள். இலையும் தண்ணீர் விடும் என்பதை மறந்து நிறைய ஊற்றியிருப்பீர்கள். மூடியில்லாமல் 15 நிமிடம் வற்றவிடுங்கள். அப்புறம் உப்பு, வினிகர். மேசையில் மிளகாய் வினிகர் புட்டி இருக்க வேண்டும். சின்ன மிளகாய்களைப் புட்டியில் நிரப்பிச் சூடான வினிகர் ஊற்றி, குளிர்பெட்டியில் சில வாரம் வைத்தால் தயார். தெற்கத்தி வீடுகளில் ஊறுகாய்க்கு உள்ள மரியாதை இதற்கு உண்டு.

இறைச்சிக்கு நேரம் கொடுக்கவில்லை. ஹாக்கைக் கிள்ளிப் பாருங்கள். தோல் விறைப்பாகவே இருந்தால் சாறு இறங்கவில்லை. அதை மட்டும் தனியாக இன்னும் வேகவிட்டு, சாற்றைச் சேருங்கள்.

இறைச்சியே போடவில்லை. சைவ வீடுகளில் இதுதான் காரணம், ஆனால் வழி இருக்கிறது. வெங்காயத்தை நல்ல பழுப்பாக வதக்கி, ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டிய மிளகாய்த்தூள்) ஒரு டீஸ்பூன், காளான் கொஞ்சம், சோயா சாஸ் சில துளி, எண்ணெய் தாராளமாக. இந்த இலையை இறைச்சி இல்லாமல் அருமையாகச் செய்பவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். காஷ்மீரில் 'ஹாக்' என்று கடுகெண்ணெய், பெருங்காயம், வற்றல் மிளகாய் போட்டு இதே இனத்துக் கீரையைச் சாறோடு வைப்பார்கள். அமெரிக்காவில் வாழும் காஷ்மீரிகள் அதற்குக் காலர்டைத்தான் வாங்குகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தெற்கத்தி உணவகங்களில் காலர்டு 'காய்கறி' வரிசையில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சியிலோ வான்கோழியிலோ வெந்ததாகத்தான் இருக்கும். சைவர்களும் பன்றி உண்ணாதவர்களும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

## நிறம் கறுத்துவிட்டது, அளவு சுண்டிவிட்டது

மங்கிய ஆலிவ் பச்சை கோளாறு இல்லை, நீண்ட நேரம் வெந்த காலர்டின் சரியான நிறமே அதுதான். இரும்புப் பானையில் வினிகர் ஊற்றி, கறுத்து, உலோக வாடையும் அடித்தால் எனாமல் அல்லது ஸ்டீல் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பளிச்சென்ற பச்சைதான் வேண்டும் என்றால் பிரேசில்காரர்கள் வழிக்குப் போங்கள். இலையை இழை இழையாக நறுக்கி, பூண்டு எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டி எடுப்பார்கள். அது வேறு பதார்த்தம்.

பானை நிறையப் போட்ட இலை அடிப்பாகத்துக்கு இறங்குவது இயல்பு. இரண்டு கட்டு ஆறு பேருக்குத்தான் வரும். மொத்தமும் ஒரே நேரத்தில் கொள்ளவில்லை என்றால் ஒரு பிடி வதங்கியதும் அடுத்த பிடி.

## வீடே நாறுகிறது

காலர்டு வெந்தால் கந்தக வாடை வரும். மின்விசிறி, ஜன்னல், பக்கத்து அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் வினிகர் தண்ணீர். இதுவே போதும். சமைக்கும் முன்பே நாறினால் கட்டின் நடுவில் கொழகொழத்த இலை இருக்கும். பிரித்துப் பார்த்து எறியுங்கள்.

அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கழுவி, ஜன்னலைத் திறந்த பிறகும் அழுகிய முட்டை வாடை அடித்துக்கொண்டே இருந்தால் அதைக் கீரை என்று விட்டுவிடாதீர்கள். எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் வாடையும் இதே மாதிரிதான் இருக்கும். விளக்குச் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்து எரிவாயு நிறுவனத்தையோ 911 ஐயோ கூப்பிடுங்கள்.

## கீரை தீர்ந்துவிட்டது, சாறு மிச்சம்

தயவுசெய்து கொட்டாதீர்கள். பாட்லிக்கர் என்ற இந்தச் சாறு, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் கைப்பக்குவத்தில் உருவான தெற்கத்திச் சமையலின் உயிர். இலையிலிருந்து இறங்கிய சத்தெல்லாம் இதில்தான் இருக்கிறது. 1931 இல் லூசியானா மாநில ஆளுநர் ஹியூயி லாங்குக்கும் 'அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன்' பத்திரிகைக்கும் ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. கார்ன்பிரெட்டைச் சாற்றில் தோய்ப்பதா, உதிர்த்துப் போடுவதா என்று. லாங் தோய்க்கும் கட்சி. வடித்து உறைபெட்டியில் வைத்தால் காராமணிக்கும் சோற்றுக்கும் உலைத் தண்ணீர் ஆகும்.

புளித்த வாடை: சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் வேண்டாம். அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், 3 அல்லது 4 நாள் தாங்கும்.

பச்சை இலை உறைபெட்டியில் வாடை அடித்தது: கொதிநீரில் 3 நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீரில் எடுக்காமல் வைத்திருப்பீர்கள்.

ஜாடியில் அடைத்தது: இங்கே யூகத்துக்கு இடமில்லை. கீரையில் புளிப்பு கிடையாது, பொட்யூலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உண்டாகலாம். பிரஷர் கேனரில் (ஜாடிகளை அழுத்தத்தில் வைத்துப் பதப்படுத்தும் பாத்திரம்) பைண்ட் ஜாடிக்கு 70 நிமிடம், குவார்ட் ஜாடிக்கு 90 நிமிடம் என்பது வெறும் கீரைக்கான கணக்கு, இறைச்சி போட்டதற்கு அல்ல. நம் ஊர் குக்கர் இதற்கு ஆகாது. எவ்வளவு அழுத்தம் என்பது ஊரின் உயரத்தைப் பொறுத்தது. அதையும் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் கேளுங்கள். மூடி உப்பியிருந்தால் ருசி பார்க்கவே கூடாது.

## மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இருக்கிறார்

காலர்டில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர் திடீரென்று தட்டு தட்டாகச் சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையலாம். பொதுவாகச் சொல்லப்படுவது, அளவை ஏற்றி இறக்காமல் ஒரே சீராக வைத்திருப்பதுதான். சிறுநீரக நோயாளிகளுக்குச் சாற்றிலுள்ள உப்பும் பொட்டாசியமும் கணக்கில் வரும். விருந்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

## சிங்க் அடைத்துக்கொண்டது

தண்டை டிஸ்போசலில் (சிங்குக்கு அடியில் உணவுக் கழிவை அரைக்கும் இயந்திரம்) தள்ளியிருப்பார்கள். காலர்டு தண்டின் நார் அதன் தட்டைச் சுற்றிக்கொள்ளும். ஹாம் கொழுப்பும் சேர்ந்தால் குழாயில் கட்டியாக உறையும்.

முதலில் சுவிட்சை அணைத்து, கீழே உள்ள பிளக்கைப் பிடுங்குங்கள். கையை உள்ளே விடாதீர்கள். டார்ச் அடித்து நாரை இடுக்கியால் இழுங்கள். டிஸ்போசலின் அடியில் நடுவே அறுகோணத் துளை இருந்தால் ஆலன் சாவியால் இரு பக்கமும் திருப்பி இளக்குங்கள். பிறகு பிளக்கைச் சொருகி, அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தித் தண்ணீரைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறது, ஆனால் தண்ணீர் இறங்கவில்லை என்றால் சிங்குக்குக் கீழே வாளி வைத்து வளைகுழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். அடைப்பு நீக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அது குழாயில் தேங்கி நின்றால் பிறகு கழற்றுகிறவர் கைமேல் கொட்டும்.

வளைகுழாய் சுத்தமாக இருந்தும் தண்ணீர் நின்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். சமையலறையில் தண்ணீர் விட்டால் குளியல் தொட்டியில் பொங்குகிறது என்றால் அடைப்பு வீட்டின் பிரதானக் குழாயில். அப்போது வீட்டில் தண்ணீர் புழங்குவதை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள். உள்ளே போனது கீரைத் தண்டும் கொழுப்பும் என்று போனிலேயே சொல்லிவிட்டால் அதற்கான கருவியோடு வருவார்.